எடுக்காத தட்டு

பாட்டில் அந்த இடம் வந்தபோது வெர்லீன் அழுவதுபோல நடித்தாள் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பத்திரிகையில் ஒருத்தர் எழுதியே விட்டார். அவர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் எழுதிய விரலை ஆர்கன் மூடிக்குள் வைத்து நசுக்கியிருப்பேன். நடிப்பாம்! பதிவு செய்த அறையில் நான் இருந்தேன். அவள் முதுகு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடந்தது என்ன என்று கேட்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கேட்க விருப்பமில்லாதவர்கள் வேறு பாட்டு வைத்துக்கொள்ளட்டும்.

நான் லவோனியா ஹேர்ஸ்டன். மெம்ஃபிஸில் நெபோ மலை சபைக்கு ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவள். வார நாட்களில் மிஸ்டர் ஹாஸ்கெலின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பேன். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது பழைய டயர் கடை. மழை பெய்தால் இன்னும் ரப்பர் வாசம் வரும். "ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கு, மத்த நாள் உலகத்துக்கா, சிஸ்டர்?" என்று எங்கள் பாஸ்டர் ஒருமுறை குத்திக் காட்டினார். "ரெண்டு இடத்துலயும் அதே விரல்தான் பாஸ்டர். அங்க பிரசங்கம் இல்லாததால சீக்கிரம் வீட்டுக்குப் போறேன், அவ்வளவுதான்" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

வெர்லீன் பேட்டிலும் ஓடெல் ரக்கரும் எங்கள் சபைப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். அவர்கள் சேர்ந்து பாடிய காதல் பாட்டுகளைக் கேட்டு, இருவரும் கணவன் மனைவி என்றே ஊர் உலகம் நம்பியது. ஓடெலின் மனைவியிடம் யாராவது இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். "தாராளமாக் கூட்டிட்டுப் போகட்டும். அவன் துணியையும் அவளே துவைக்கட்டும்" என்பாள்.

அவர்கள் பாட்டில் இருந்த அழகை எப்படிச் சொல்வது? வெர்லீனுக்குப் பெண்களுக்கு வழக்கமில்லாத கனத்த, தாழ்ந்த குரல். ஓடெலுக்கோ மேலே ஏற ஏறச் சொரசொரக்கும் குரல். ஆண் நிற்கிற இடத்தில் அவள் நிற்பாள், பெண் நிற்கிற இடத்துக்கு அவன் ஏறிப் போவான். இருவருக்கும் ஒரே மைக். அவள் மூச்சை இழுக்கிற சத்தத்தை வைத்தே அவள் எவ்வளவு தூரம் போகப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தகுந்தபடி அரை அடி பின்னால் நகர்வான், அல்லது வந்து ஒட்டிக்கொள்வான். எத்தனையோ ஜோடிகளுக்கு வாசித்திருக்கிறேன். நீயா நானா என்று கத்துகிறவர்கள்தான் அதிகம். ஒருத்தி பாடும்போது இன்னொருத்தன் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்த பாட்டை எழுதியவன் டெல்பர்ட் ஸ்டோக்ஸ், எங்கள் கிட்டார்க்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சாஸ்காரன். ஒருநாள் வீட்டுக்கு நேரம் கழித்துப் போயிருக்கிறான். அடுப்பின் மேல் வழக்கமாக மூடியிருக்கும் சாப்பாட்டுத் தட்டு அன்றைக்கு இல்லை. மனைவி எடுத்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அந்தப் பசியிலும் கோபத்திலும் எழுதிய பாட்டு அது. முதல் சரணத்தில் ஆண், தூரத்துச் சாலையில் வந்துகொண்டிருக்கிறேன் என்று பாடுகிறான். இரண்டாவதில் பெண், அடுப்பு சூடாக இருக்கிறது, உன் தட்டை மூடி வைத்திருக்கிறேன் என்கிறாள். மூன்றாவதில் விடிந்துவிடுகிறது. "இனிமேல் நீ வரமாட்டாய், தட்டை எடுத்துவிட்டேன்" என்று அவள் பாட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் வந்து, "கதவைத் திற, வந்துவிட்டேன்" என்கிறான். வந்தான், ஆனால் காலம் கடந்து வந்தான். அதுதான் டெல்பர்ட்டின் கதை.

எங்கள் சபையின் சங்கதி டெல்பர்ட்டுக்குத் தெரியாது. வெர்லீனுக்கு ஆமோஸ் என்று ஒரு தம்பி. வியட்நாமுக்குப் போனவன். அந்தப் பாட்டைப் பழகிய வருஷம், வசந்தத்தில் ராணுவத்திலிருந்து செய்தி வந்தது: காணவில்லை. அவ்வளவுதான். இறந்துவிட்டான் என்றால் விழுந்து புரண்டு அழலாம், பிழைத்திருக்கிறான் என்றால் எழுந்து ஆடலாம். காணவில்லை என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? அவர்கள் தாயை, சபையின் மூத்த பெண்களில் ஒருவர் என்பதால், மதர் பேட்டில் என்போம். அவர் சமைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆமோஸுக்குப் பிடித்த கோழித் தொடை, கீரை, சோள ரொட்டி எல்லாம் ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அடுப்பின் மேல் வைப்பார். மறுநாள் காலை வரை அதை யாரும் தொடக் கூடாது. அப்புறம் அவரே கழுவித் துடைப்பார். ஆனால் மற்றத் தட்டுகளோடு அலமாரியில் வைக்க மாட்டார். அது அடுப்பருகிலேயே கிடக்கும், அடுத்த ஞாயிறுக்காக.

ஆகவே ஒத்திகை முழுவதும் வெர்லீன் மூன்றாவது சரணத்தைத் தொடவே இல்லை. "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். நாங்களும் விட்டுவிட்டோம். எங்கள் கூடத்தில் யாரும் தாளில் எழுதி வைத்து வாசிப்பதில்லை. பாடிப் பாடிப் பழகுவதுதான்.

பதிவு நாள் மத்தியானம். மிஸ்டர் ஹாஸ்கெல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முதல் சரணம் நன்றாக வந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. மூன்றாவது சரணம் வந்தது. "விடிந்துபோச்சு" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

ஒலிப்பதிவில் இப்படி ஆனால் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். டேப்பைச் சுற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் சபையில் வளர்ந்தவர்கள். சபையில் சட்டம் வேறு. பாடுகிறவளோ சாட்சி சொல்கிறவளோ துக்கத்தில் தடுமாறி நின்றால் இசை நிற்கவே கூடாது. அவள் கீழே விழாமல் நாம் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். என் கைகள் என்னைக் கேட்கவில்லை. அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தன. டிரம்ஸ்காரனும் பூப்போலத் தட்டிக்கொண்டே இருந்தான். ஓடெல், தான் ஒலிப்பதிவில் நிற்பதையே மறந்து, சபையில் சொல்வதை அப்படியே மைக்கில் சொன்னான்:

"அவசரமில்லம்மா... அவசரமில்ல..."

அவள் முனகினாள். வார்த்தை இல்லை. உள்ளே இருந்து ஒரு முனகல் எழும்பி, சுழன்று, இறங்கியது. அவன் அதற்குக் கீழே அதே முனகலைப் பிடித்தான். மறுபடி அவள், மறுபடி அவன். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அவள் அந்த வரியைப் பாடவே இல்லை. கடைசியில் ஓடெல் அவள் தோளில் கை வைத்து, தன்னுடைய வரிக்கு ஏறிப் போனான்: "கதவைத் திற, வந்துவிட்டேன்." பாட்டு முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஸ்டர் ஹாஸ்கெலின் குரல் வந்தது. "ஏன் யாரும் நிறுத்தல? எல்லாருக்கும் என்ன ஆச்சு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது.

டெல்பர்ட்டுக்கு ஆத்திரம். "என் கதைக்கு உயிரே அந்த ஒரு வரிதான். அதை விட்டுட்டா இது என்ன பாட்டு? அவ தட்டை எடுக்கவே இல்லன்னா, அவன் சரியான நேரத்துக்கு வந்துட்டான்னு ஆயிடுதே!"

"வந்தா உனக்கென்னடா நஷ்டம்?" என்றேன் நான்.

"சிஸ்டர், நான் அன்னிக்குப் பட்டினி கெடந்தேன்!"

"அதான் ஒரு பாட்டு கிடைச்சுதே. விடு."

வெர்லீன் ஒன்றுதான் சொன்னாள். "அந்த வரியை என்னால பாட முடியாது, டெல்பர்ட். நான் எடுத்தேன்னு ரேடியோவுல சொல்லி, அதை எங்கம்மா கேட்டா? என் தம்பிக்கு நானே குழி தோண்டின மாதிரி ஆயிடும்." டெல்பர்ட்டை ஓடெல் வெளியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். திரும்பி வந்தவன் வெர்லீனிடம் மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் அவன் முகம் தொங்கித்தான் இருந்தது. எழுதியவனுக்குத் தன் வரி பிள்ளை மாதிரி, என்ன செய்வது.

மிஸ்டர் ஹாஸ்கெல் அவ்வளவு லேசில் விடவில்லை. வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து அந்த ஒரு வரியை மட்டும் பாடவைத்து, டேப்பை வெட்டி ஒட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், சுத்தமாகத்தான் பாடினாள். ஆனால் போட்டுக் கேட்டபோது பட்டுச் சட்டையில் சாக்குத் துணி ஒட்டுப் போட்டதுபோல இருந்தது. முதலில் சிரித்தவர் மிஸ்டர் ஹாஸ்கெல்தான். "சரி, நீங்க செஞ்ச தப்பே போகட்டும்" என்றார். அப்படியே வெளியே விட்டார்.

அது என்ன ஓட்டம் ஓடியது! எங்கள் ஊர் வானொலிக்காரன் முதல் நாளே ஒரு தடவை போட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் மறுபடியும் போட்டான். தொலைபேசி அடித்த அடியில் அவனால் செய்தி வாசிக்க முடியவில்லையாம். முடி திருத்தும் கடை, துணி வெளுக்கும் கடை, நின்றுகொண்டிருக்கும் கார், எங்கே போனாலும் "அவசரமில்லம்மா" என்று ஓடெலின் குரல். பியல் தெருவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவன் என்னிடமே புலம்பினான்: "உங்க பாட்டு வந்ததுலேருந்து எல்லாப் பயலும் இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு ஓடுறான், சிஸ்டர். என் பொழைப்புல மண்ணப் போட்டுட்டீங்க."

ஏன் இப்படி ஆனது என்று நான் யோசித்திருக்கிறேன். டெல்பர்ட் எழுதியபடி பாடியிருந்தால் அது ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான். பாடாமல் நின்றதால் அது எல்லோருடைய பாட்டாகவும் ஆனது. அந்த மௌனத்தில் ஒருத்தி தன் புருஷனை வைத்தாள், ஒருத்தி சிறையிலிருக்கும் மகனை வைத்தாள், வடக்கே வேலைக்குப் போன அண்ணனை ஒருத்தி வைத்தாள். அந்த மௌனத்தைப் பாட வெர்லீனைத் தவிர யாராலும் முடிந்திருக்காது, அதைத் தாங்கிப் பிடிக்க ஓடெலைத் தவிர யாராலும் முடிந்திருக்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், ஏன் சொல்லக் கூடாது?

ஊர் ஊராகப் போனோம். சிகாகோவில்தான் அது முதலில் நடந்தது. மூன்றாவது சரணத்தில் வெர்லீன் நின்றாள். அப்போது மேல்மாடத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"எடுக்காதடி! தட்டை எடுக்காத!"

கொட்டகையே சிரித்தது. அப்புறம் இன்னொருத்தி கத்தினாள். அப்புறம் நான்கு பேர். கடைசியில் யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் கத்தினார்கள். டெட்ராய்ட்டில் அதேதான். பால்டிமோரில் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். வெர்லீன் ஒருநாளும் அழுவதுபோல் பாவனை செய்ததில்லை. அந்த வரியின் விளிம்பு வரை போவாள், நிற்பாள், அவர்கள் சத்தத்தைக் கேட்பாள். "அவங்க கத்தும்போது எனக்குத் தெம்பா இருக்கு சிஸ்டர். எத்தனை பேர் சேர்ந்து வேணாங்குறாங்க பாருங்க. இத்தனை பேர் சொன்னா அவன் வந்துதானே ஆகணும்?" என்றாள் ஒருநாள் பஸ்ஸில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதர் பேட்டில் எங்கள் சபையின் முதல் வரிசையில் வெள்ளை உடையில் உட்காருகிறவர். சபைக்கு வெளியே பாடும் உலகப் பாட்டு எதையும் காதில் வாங்காதவர். மகள் பாடுவதைத் தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்காமல் அந்த வருஷம் மெம்ஃபிஸில் யாரும் தெருவைக் கடக்க முடியாது. ஊருக்குத் திரும்பிய ஒரு ஞாயிறு வெர்லீனிடம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாராம்:

"அந்தப் பாட்டுல வர்ற பொண்ணு, தட்டை எடுத்தாளா இல்லையா?"

"எடுக்கலம்மா."

"ம்." அவ்வளவுதான். ஆய்வதைத் தொடர்ந்தாராம்.

அடுத்த வருஷம், எங்கள் ஊர் பெரிய அரங்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி வைத்தார்கள். சொந்த ஊரில் முதல் பெரிய மேடை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மதர் பேட்டிலின் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவர்கள் தொப்பியைக் கழற்றிய விதத்தைப் பார்த்தே அலறினாளாம். ஆமோஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடு இல்லை.

நான் போனபோது வீடு நிறையச் சபைப் பெண்கள். மேசை கொள்ளாமல் உணவு. மதர் பேட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வாய் சாப்பாடும் இல்லை. வெறும் காப்பி. அடுப்பருகில் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. யாருக்கும் அதைத் தொடத் துணிவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்று மிஸ்டர் ஹாஸ்கெலே ஆள் அனுப்பினார். பாஸ்டரும் அதையே சொன்னார். அப்போதுதான் மதர் பேட்டில் வாயைத் திறந்தார்.

"நிறுத்த வேணாம். நானும் வர்றேன்."

"மதர், அது... அந்த மாதிரி இடம்..." என்று பாஸ்டர் இழுத்தார்.

"என் பிள்ளைக்காக ஊர் ஊரா யார் யாரோ கத்துறாங்களாம் பாஸ்டர். அவனை அவங்க பாத்ததுகூட இல்ல. அவங்க முகத்தை நான் ஒரு தடவை பாக்கணும்."



வெர்லீன் என்னையும் ஓடெலையும் பின்வாசலுக்கு இழுத்துப் போனாள். "நான் என்ன பண்ணட்டும்? எப்பவும்போல நிறுத்தினா, அம்மா கண்ணு முன்னாடி பொய் சொல்றேன். பாடினா, அத்தனை பேர் முன்னாடி அவனைப் பொதைக்கிறேன். எது பண்ணாலும் அம்மாவைக் கொல்றேன்."

"அந்தப் பாட்டையே விட்டுடுவோம்" என்றான் ஓடெல்.

"விட்டா விடுவாங்களா? கூரையைப் பிச்சுடுவாங்க."

"பிக்கட்டும். கூரை நம்மளோடதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. "எனக்கு ஒண்ணும் புரியலடா ஓடெல்" என்றாள். "நீ எங்க போறியோ அங்க நான் வர்றேன். இவ்வளவு நாள் அதைத்தானே செஞ்சேன்" என்றான் அவன்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் மதர் பேட்டில். சபைக்கு உடுத்தும் அதே வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, கையுறை. சுற்றிலும் பளபளப்புச் சட்டைகளும் சென்ட் வாசமும். அவரைப் பார்த்ததும் பலர் சிகரெட்டை அணைத்தார்கள். பாதி ஊருக்குச் செய்தி தெரிந்திருந்தது. மீதிப் பாதிக்கு அப்போது பக்கத்து இருக்கையிலிருந்து தெரியவந்துகொண்டிருந்தது.

மற்றப் பாட்டுகளெல்லாம் முடிந்தன. ஓடெல் வெர்லீனைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுரத்திலேயே அரங்கம் எழுந்து நின்றது. ஓடெல் முதல் சரணத்தைப் பாடினான். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பணிவாக அவன் அதைப் பாடி நான் கேட்டதில்லை. வெர்லீன் இரண்டாவது சரணத்தில் தட்டை மூடி வைத்தாள். அவள் கண் அம்மாவின் மேலேயே இருந்தது.

"விடிந்துபோச்சு" என்றாள். நின்றாள்.

இந்த முறை அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அவளால் பாட முடியவில்லை. டயர் கடையில் நின்றதுபோலவே நின்றாள், வாய் திறந்தபடி. நான் சுரத்தைப் பிடித்தேன். அரங்கம் முழுவதும் கத்தியது. செய்தி தெரிந்தவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள், கன்னத்தில் கண்ணீர் வழிய. "எடுக்காத! எடுக்காதடி கண்ணு! எடுக்காத!"

மதர் பேட்டில் எழுந்து நின்றார்.

எங்கள் ஆட்களுக்கு எந்த இடமாக இருந்தாலும் ஒன்று தெரியும். ஒரு மதர் எழுந்து நின்றால் வாயை மூட வேண்டும். முன்வரிசை அடங்கியது, அப்புறம் நடு அரங்கம், அப்புறம் மேல்மாடம். என் ஆர்கன் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக, முகம் முகமாக, நிதானமாகப் பார்த்தார்.

"என் பிள்ளைக்காக என்கூடக் காத்திருந்தீங்க" என்றார். மைக் இல்லாத குரல், மேல்மாடம் வரைக்கும் போனது. "உங்க எல்லாருக்கும் நன்றி." பிறகு மேடையைப் பார்த்தார்.

"எடுத்துடு, வெர்லீன். அவன் வரமாட்டான். தட்டை எடுத்துடும்மா."

வெர்லீன் பாடினாள். "இனிமேல் நீ வரமாட்டாய், தட்டை எடுத்துவிட்டேன்." குரல் உடையவில்லை, நடுங்கவில்லை. அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. கிணற்றில் வாளி இறங்குவதுபோல அந்தக் கனத்த குரல் இறங்கி, அடியைத் தொட்டு நின்றது. எனக்குப் பின்னால் கிட்டார் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தன் வரிக்காக அவ்வளவு சண்டை போட்ட டெல்பர்ட், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

அடுத்தது ஓடெலின் முறை. அந்த வரியை இனி எப்படிப் பாடுவான் என்று நான் பதறினேன். கதவைத் திற, வந்துவிட்டேன் என்று இப்போது யார் வந்து சொல்வது? ஓடெல் மைக்கை விட்டு விலகி, மேடை விளிம்பு வரை போனான். மதர் பேட்டிலைப் பார்த்துக்கொண்டு, சொரசொரப்பெல்லாம் போன ஒரு சின்னக் குரலில், ஒரு பிள்ளை வெளியிலிருந்து கூப்பிடுவதுபோலப் பாடினான். இருந்த இடத்திலேயே அவர் கண்ணை மூடி, கையுறை போட்ட கையை உயர்த்தினார். சபையில் பரிசுத்த ஆவியை வரவேற்க அப்படித்தான் உயர்த்துவார். அப்போதுதான் அவர் அழுதார்.

யாரும் கைதட்டவில்லை. அந்த வரி எந்த ரெக்கார்டிலும் இல்லை. கேட்டது அன்றைக்கு அங்கிருந்தவர்கள் மட்டும்தான். நடிப்பு என்று எழுதினவர் அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் மதர் பேட்டில் தானே நடந்து வந்தார். வெர்லீன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நல்லாப் பாடினே" என்றார் அவர். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "எனக்குப் பசிக்குது, வெர்லீன்" என்றார்.

ஓடெல் தொப்பிகூடப் போடாமல் எதிர்ச் சாரிக் கடைக்கு ஓடினான். பொரித்த மீனும் ரொட்டியும் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்தான். ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் மேல் அவரை உட்காரவைத்தோம். வெர்லீன் தரையில் உட்கார்ந்து முள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். மீன் முழுவதையும் சாப்பிட்டார், ரொட்டியையும் மிச்சம் வைக்கவில்லை.